ஹானர்ஸ் வகுப்புக்குள் போவது யார்? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இன வேறுபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹானர்ஸ், ஏ.பி., ஐ.பி. எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஹானர்ஸ் என்பது சாதாரண வகுப்பைவிடக் கடினமான வகுப்புக்கு அந்தந்தப் பள்ளியோ பள்ளி மாவட்டமோ (ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தானாக வைத்துக்கொள்ளும் பெயர். ஒரு பள்ளியின் ஹானர்ஸ் பயாலஜியும் பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஹானர்ஸ் பயாலஜியும் ஒரே அளவு கடினமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடக்கும் பாடம்) அப்படியல்ல. காலேஜ் போர்டு என்ற அமைப்பு பாடத்திட்டத்தை வகுக்கிறது; மே மாதம் நாடு முழுக்க ஒரே தேர்வு; மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) என்பது 11, 12ஆம் வகுப்புகளுக்கான இரண்டாண்டுத் திட்டம். இவை தவிர, பள்ளியில் இருந்தபடியே கம்யூனிட்டி காலேஜ் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட்டும் உண்டு.

பெயர் எதுவானாலும் பலன் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது: ஜி.பி.ஏ., அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி. பல மாவட்டங்களில் சாதாரண வகுப்பில் வாங்கும் 'ஏ'க்கு 4 புள்ளி, ஹானர்ஸுக்கு 4.5, ஏ.பி.க்கு 5. ஆறு பாடத்திலும் 'ஏ' வாங்கிய மாணவர், ஆறும் சாதாரண வகுப்பென்றால் 4.0. அதில் நான்கு ஏ.பி. என்றால் 4.67. முதல் மாணவர் இதற்கு மேல் என்ன உழைத்தாலும் இரண்டாமவரை எட்ட முடியாது. டெக்சாஸில் 1997 முதல் பள்ளியின் முதல் 10 சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் தரும் சட்டம் இருக்கிறது (ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் வரம்பு இன்னும் குறுகல்). அந்தச் சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்தத் தரவரிசையை இப்படி எடை போட்ட ஜி.பி.ஏ.வைக் கொண்டு கணக்கிடும் பள்ளியில், ஹானர்ஸ் வகுப்புக்குள் யார் போனார்கள் என்பதே கல்லூரிக் கதவையும் பாதி திறந்துவிடுகிறது.

பள்ளியில் நாலில் ஒருவர் கறுப்பின மாணவர். ஏ.பி. வகுப்பை எட்டிப் பார்த்தால் ஓரிருவர்தான். இது எப்படி நடக்கிறது?

யாரோ ஒருவர் கதவில் நின்று "நீ வராதே" என்று சொல்வதால் இன்று இது நடப்பதில்லை. பல சிறிய வாசல்களை அடுத்தடுத்துக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் சிலர் கழிகிறார்கள். உதாரணமாக ஒரு பள்ளி மூன்று நிபந்தனை வைக்கிறது: முந்தைய வகுப்பில் 90க்கு மேல், மாநிலத் தேர்வில் குறிப்பிட்ட அளவு, ஆசிரியர் பரிந்துரை. தகுதியுள்ள 100 பேரில் 80 பேரை ஒவ்வொரு வாசலும் உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் எந்த வாசலும் குறுகலாகத் தெரியாது. மூன்றையும் தாண்டி வருபவர் 51 பேர்தான். விதியில் 'மற்றும்' என்ற சொல் இருந்த இடத்தில் 'அல்லது' என்று மாற்றினாலே கணக்கு தலைகீழாகிவிடும். பள்ளியின் கொள்கையைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான்.

கழிபவர்கள் எல்லா இனத்திலும் சம அளவில் கழிவதில்லை. பரிந்துரை கிடைக்காவிட்டால் பெற்றோர் கையெழுத்திட்டுச் சேர்க்கும் 'வெய்வர்' படிவம் பல பள்ளிகளில் உண்டு. அது இருப்பதே தெரிந்த பெற்றோருக்குத்தான் அது பயன்படும். சில பள்ளிகளின் வெய்வரில், "வகுப்பு கடினமாக இருந்தால் செமஸ்டர் முடியும்வரை மாற முடியாது, கூடுதல் உதவி கேட்கமாட்டோம்" என்றெல்லாம் எழுதி வாங்குகிறார்கள். பரிந்துரையோடு வரும் பிள்ளைக்கு இல்லாத தண்டனை இது.

அடுத்தது, யாரும் பேசாத ஒன்று: கால அட்டவணை. சிறிய பள்ளியில் ஹானர்ஸ் கெமிஸ்ட்ரி ஒரே ஒரு பீரியட்தான் நடக்கும். அதே பீரியடில் வாசிப்புப் பயிற்சி வகுப்போ ஆங்கிலம் கற்போருக்கான வகுப்போ இருந்தால், அந்த மாணவர் கெமிஸ்ட்ரியை விட வேண்டியதுதான். ஒரு பாடம் இடித்தால் மற்ற பாடங்களும் அதே கூட்டத்தோடு நகர்ந்துவிடும். ஹானர்ஸ் பிள்ளைகள் நாள் முழுக்க ஹானர்ஸ் பிள்ளைகளோடேயே சுற்றுவதற்கு, மற்றவர்கள் அவர்களைச் சந்திக்காமலேயே நான்கு ஆண்டு முடிப்பதற்கு, இது பெரிய காரணம். கட்டடம் ஒன்று, பள்ளிக்கூடம் இரண்டு.

கணக்கில் எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. படிக்கட்டு இப்படி: அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீ கால்குலஸ், கால்குலஸ். ஆண்டுக்கு ஒரு படி. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். எட்டில் அது வேண்டுமென்றால் ஆறிலோ ஏழிலோ வேகப் பிரிவில் இருக்க வேண்டும். அந்தப் பிரிவினை ஐந்தாம் வகுப்பு வசந்த காலத்தில் நடக்கிறது. பதினோரு வயதில் விழும் முத்திரை பதினெட்டு வயதில் கல்லூரி விண்ணப்பத்தில் தெரிகிறது.

பின்னால் எட்டிப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோடை விடுமுறையில் ஜியாமெட்ரி. ஆறு வாரத்தில் ஓராண்டுப் பாடம் என்பதால் நிரூபணம் எழுதும் பகுதிதான் முதலில் அடிபடும். இன்னொன்று, பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2ஐயும் ஒரே ஆண்டில் சேர்த்து எடுப்பது. ஜியாமெட்ரி பெரும்பாலும் அல்ஜீப்ரா 2க்கு அடித்தளம் அல்ல என்பதால் இது முடியும். விலை, ஒரு விருப்பப் பாடம் போகும். அல்ஜீப்ரா 1இல் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி.

ஆசிரியருக்குத்தானே பிள்ளையைத் தெரியும்? அவர் பரிந்துரையில் என்ன தவறு?

ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும். ஆனால் பரிந்துரை என்பது திறமையை மட்டும் அளப்பதில்லை. வீட்டுப்பாடத்தை நேரத்துக்குத் தருவது, கை தூக்குவது, அடக்கமாக உட்காருவது, பெற்றோர் வந்து பேசுவது எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன.

இதற்கு நல்ல சான்று ஃப்ளோரிடாவிலிருந்து. அங்கே ஒரு பெரிய பள்ளி மாவட்டம், ஆசிரியரும் பெற்றோரும் பெயர் கொடுத்த பிள்ளைகளை மட்டுமே சிறப்புத் திறன் திட்டத்துக்குச் சோதித்து வந்தது. 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், மொழி தேவைப்படாத ஒரு முதற்கட்டச் சோதனை வைத்தார்கள். தகுதி வரம்பைக் குறைக்கவில்லை. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள்: திட்டத்தில் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதமும் ஹிஸ்பானிக் (லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழியில் வந்த) பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதமும் உயர்ந்தன. அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்பில்தான் இருந்தார்கள். பெயர் கொடுக்கத்தான் ஆளில்லை. பிறகு பணமில்லை என்று சோதனையை நிறுத்தியபோது ஏற்றமும் கரைந்துபோனது.

அதே 2016இல் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, மதிப்பெண் சமமாக இருந்தாலும் கறுப்பினப் பிள்ளைகள் சிறப்புத் திறன் திட்டத்தில் சேர்க்கப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் குறைவு என்றது. ஆசிரியரும் கறுப்பினத்தவராக இருந்த வகுப்புகளில் அந்த இடைவெளி பெரிதும் காணப்படவில்லை. இதை வைத்து ஆசிரியர்களை இனவெறியர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு மனிதரின் கண்ணை மட்டும் நம்பிக் கட்டிய வாசல் என்றால் அந்தக் கண் பழகிய முகங்களைத்தான் முதலில் பார்க்கும்.

பள்ளியில் அந்த வகுப்பே இல்லையென்றால்?

அது தனிப் பிரச்சினை, தீர்வும் வேறு. மத்திய கல்வித் துறையின் 2013-14 குடிமை உரிமைத் தரவுத் தொகுப்பின்படி, கறுப்பின, லத்தீனோ மாணவர் அதிகமுள்ள உயர்நிலைப் பள்ளிகளில் 33 சதவீதமே கால்குலஸ் நடத்தின. அவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளில் 56 சதவீதம். கதவே இல்லாத வீட்டில் சாவியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இங்கே வேண்டியது கால்குலஸ் எடுக்கத் தெரிந்த ஆசிரியர், இல்லாவிட்டால் மாநில இணையவழிப் பள்ளி அல்லது கம்யூனிட்டி காலேஜ். இணையவழிப் பாடம் என்றால் அதற்கென்று ஒரு பீரியடும் அறையில் ஒரு பெரியவரும் வேண்டும். "வீட்டில் பார்த்துக்கொள்" என்று விட்டால் பாதியில் நின்றுவிடும்.

தானாகச் சேர்க்கும் முறை என்றால் என்ன? எங்கே நடக்கிறது?

மாநிலத் தேர்வில் குறிப்பிட்ட நிலையை எட்டிய ஒவ்வொரு மாணவரையும் பள்ளியே அடுத்த ஆண்டு உயர்நிலை வகுப்பில் சேர்த்துவிடும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். முன்பு சேர்வதற்குப் படிவம். இப்போது விலகுவதற்குப் படிவம். மாறுவது இவ்வளவுதான், ஆனால் தயங்குபவரின் சுமை இடம் மாறிவிடுகிறது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே மாவட்டம் 2010 வாக்கில் இதைத் தொடங்கியது. 2019இல் அந்த மாநிலம், 2021-22 கல்வியாண்டுக்குள் எல்லா மாவட்டங்களும் இத்தகைய கொள்கை கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. வட கரோலினாவின் 2018 சட்டம் கணக்குக்கு மட்டுமானது: ஆண்டிறுதித் தேர்வில் மிக உயர்ந்த நிலை வாங்கிய பிள்ளையை உயர்கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும், பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் வெளியேற்றக்கூடாது. டெக்சாஸ் 2023இல், ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பு உயர்கணக்கில் சேர்க்கச் சொன்னது.

எங்கே பிசகும்? மூன்று இடங்களில். முதலாவது, விலகல் படிவம் எளிதாகிவிடும். பள்ளியின் பாட ஆலோசகரான கவுன்சிலரே "உனக்குச் சிரமமாக இருக்கும், கையெழுத்து வாங்கி வா" என்றால் பழைய வாசல் புதுப் பெயரில் திரும்பி வந்துவிட்டது. விலகுபவர் எந்த இனம், யார் ஆலோசனையில் விலகினார் என்று பதிவு வைத்திருக்கும் பள்ளியில் இது குறையும். இரண்டாவது, கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் போகும். மூன்றாவது, பிரிவுகளைக் கூட்டாமல் வகுப்பில் 36 பேரை அடைப்பார்கள். ஆசிரியர் வெறுத்துப் போவார். பழி புதிதாக வந்த பிள்ளைகள்மேல் விழும்.

பேசாமல் ஹானர்ஸையே எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே வகுப்பில் வைத்தால்?

வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விளைவு இடத்துக்கு இடம் வேறு, அந்த வேறுபாட்டிலிருந்துதான் படிக்க நிறைய இருக்கிறது.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள ராக்வில் சென்டர் மாவட்டம் 1990களின் நடுவிலிருந்து படிப்படியாகப் பிரிவினையை எடுத்தது. முதலில் மிடில் ஸ்கூல் கணக்கு. எல்லோருக்கும் வேகப் பாடம். தடுமாறுவோருக்கு அதே ஆசிரியர் குழுவின் ஒர்க்‌ஷாப் வகுப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள், பள்ளி நேரத்துக்குள்ளேயே. பிறகுதான் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களில் கை வைத்தார்கள். 2000இல் அங்கே பட்டம் பெற்ற கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களில் 32 சதவீதம் ரீஜன்ட்ஸ் டிப்ளமா (மாநிலத் தேர்வுகளில் தேறியவருக்கான சான்றிதழ்) வாங்கினார்கள். 2003இல் 82 சதவீதம். வெள்ளையர், ஆசியர் விகிதம் 88இலிருந்து 97 ஆனது. யாரும் கீழே போகவில்லை. அது சிறிய, வசதியான மாவட்டம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிகாகோ 1997இல் ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் அல்ஜீப்ரா என்றது. உதவி வகுப்பு எதுவும் கூட்டவில்லை. அல்ஜீப்ரா எடுத்தவர் எண்ணிக்கை உயர்ந்தது. தோற்றவர் எண்ணிக்கையும் உயர்ந்தது. தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. 2003இல் பின்தங்கியவர்களுக்கு தினமும் இரண்டு பீரியட் அல்ஜீப்ரா கொடுத்த பிறகே, பள்ளி முடிப்பதிலும் கல்லூரி சேர்வதிலும் முன்னேற்றம் தெரிந்தது.

சான் பிரான்சிஸ்கோ 2014இல் எதிர்த்திசையில் போய் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எல்லோருக்குமே நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் கண்டது: ஏ.பி. கணக்கு எடுப்போர் முதலில் குறைந்தார்கள், குறிப்பாக ஆசிய மாணவர்கள். இன இடைவெளி மட்டும் பெரிதாக அசையவில்லை. பணமுள்ளவர்கள் வெளியே தனிக் கட்டணம் கட்டி அல்ஜீப்ரா படித்துக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் பள்ளி வாரியம் அதைத் திரும்பக் கொண்டுவர வாக்களித்தது.

இல்லினாயின் எவன்ஸ்டன் டவுன்ஷிப் உயர்நிலைப் பள்ளி ஒரு நடுவழி எடுத்தது. 2011 முதல் ஒன்பதாம் வகுப்பு ஹ்யூமானிட்டீஸ், அடுத்த ஆண்டு பயாலஜி, எல்லோரும் ஒரே அறையில். வகுப்பின் மதிப்பீடுகளில் குறிப்பிட்ட தரத்தை எட்டுபவருக்கு ஹானர்ஸ் கிரெடிட். முத்திரை வாசலில் குத்தப்படுவதில்லை, வெளியே போகும்போது குத்தப்படுகிறது.

எங்கள் கருத்து ஒளிவுமறைவில்லாமல்: மேல் வகுப்பை எடுத்துவிடுவது மலிவு, உதவி வகுப்பைக் கூட்டுவது செலவு. மலிவானதை மட்டும் செய்த இடங்களில் பலன் வரவில்லை.

சேர்க்கிறோம், அக்டோபரில் விலகிவிடுகிறார்கள். ஏன்?

முதல் ஆறு வாரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஹானர்ஸ் ஆங்கிலத்தில் முதல் கட்டுரை செப்டம்பர் நடுவில் வரும். அதுவரை எப்போதும் 'ஏ' வாங்கிய பிள்ளை முதல்முறையாக 'சி' பார்க்கும். பழைய ஹானர்ஸ் பிள்ளைக்கு அண்ணனோ அக்காவோ "முதல் கட்டுரைக்கு எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள். புதிதாக வந்த பிள்ளை "இது எனக்கான இடமில்லை" என்று முடிவு கட்டிவிடும். வகுப்பில் தன் இனத்தவர் தான் ஒருவர் மட்டும் என்றால், அடிமைமுறை பற்றிய பாடம் வரும் நாளில் எல்லாக் கண்ணும் தன்மேல் திரும்பும் என்றால், அந்த முடிவு இன்னும் சீக்கிரம் வரும்.

பலன் தருபவை சில. மூன்று பிரிவு இருந்தால் புதிதாக வரும் ஆறு பேரைப் பிரிவுக்கு இரண்டாகப் பரப்பாமல், ஒன்றிரண்டு பிரிவில் சேர்த்து வைப்பது. முதல் கட்டுரையைத் திருத்தி எழுத எல்லோருக்கும் வாய்ப்பு. கோடையில் இரண்டு வாரம் ஆய்வக அறிக்கையும் நூலகக் குறிப்பும் எழுதிப் பழகுவது. உதவி வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள் வைப்பது. மூன்றரை மணிக்கு வைத்தால் பஸ் போய்விடும், தம்பி தங்கையைக் கூட்டிவர வேண்டியவர்கள் வரமாட்டார்கள். கோடைக்கால வாசிப்பு என்று நான்கு புத்தகம் கொடுத்தால் புத்தகத்தையும் பள்ளியே கொடுக்க வேண்டும்.

ஏ.பி. தேர்வுக் கட்டணம் ஒரு தடையா?

ஆம். தேர்வு ஒன்றுக்கு ஏறக்குறைய 100 டாலர். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு காலேஜ் போர்டின் சலுகை உண்டு. சில மாநிலங்களும் மாவட்டங்களும் மீதியையும் கட்டிவிடுகின்றன. 2019-20 முதல் தேர்வுப் பதிவு இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடுகிறது. தாமதமானால் கூடுதல் கட்டணம். ஆகவே சலுகைக்கான பேச்சை ஏப்ரலில் அல்ல, செப்டம்பரிலேயே கவுன்சிலரிடம் தொடங்க வேண்டும்.

இனத்தைப் பார்த்து இடம் ஒதுக்கலாமே?

நம்மூர் இட ஒதுக்கீட்டுக் கண்ணோடு பார்ப்பதால் வரும் கேள்வி இது. சென்னை மாகாணத்தின் செண்பகம் துரைராஜன் வழக்குக்குப் பிறகு, 1951இல் இந்திய அரசியல் சட்டத்தையே திருத்தி ஒதுக்கீட்டுக்கு வழி செய்தார்கள். அமெரிக்கச் சட்டம் எதிர்ப்பக்கம் போனது. 1978 பாக்கி வழக்கிலேயே பல்கலைக்கழக இன ஒதுக்கீடு செல்லாது என்றாகிவிட்டது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தை ஒரு காரணியாக எடுத்துக்கொள்வதும் முடிவுக்கு வந்தது. ஆகவே "இத்தனை இடம் இன்ன இனத்துக்கு" என்று எழுதும் பள்ளி நீதிமன்றத்தில் நிற்காது. எல்லோரையும் சோதிப்பது, தானாகச் சேர்ப்பது, ஒவ்வொரு பள்ளியின் முதல் சில சதவீதத்தை எடுப்பது ஆகியவை இனம் பாராத வழிகள்.

வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி 2020இல் நுழைவுத் தேர்வை நீக்கி, ஒவ்வொரு மிடில் ஸ்கூலுக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீத அளவுக்கு இடம் வைத்தது. புதிய வகுப்பில் ஆசிய மாணவர் விகிதம் 73இலிருந்து 54 சதவீதமானது. பெற்றோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

அப்படியென்றால் ஹானர்ஸ் விரிவானால் எங்கள் பிள்ளை இடம் போய்விடுமா?

தாமஸ் ஜெஃபர்சன் போன்ற பள்ளியில் இடம் எண்ணிக்கைக்கு உட்பட்டது; ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும். ஊர்ப் பொதுப்பள்ளியின் ஹானர்ஸ் வகுப்பு அப்படியல்ல. 30 பேர் கூடினால் இன்னொரு பிரிவு திறக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பள்ளி வாரியக் கூட்டத்தில் சண்டை போடுவதைத் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி பார்க்கலாம். நீங்கள் வாரியத்திடம் கேட்க வேண்டியது "யாரைச் சேர்க்கிறீர்கள்" என்பதைவிட "எத்தனை பிரிவு திறக்கிறீர்கள், எத்தனை ஆசிரியர்" என்பதே.

இன்னொன்றும் உண்டு. படிவத்தில் 'ஏசியன்' என்ற ஒரே கட்டம் ஐ.டி. வேலைக்கு வந்த குடும்பத்தையும், அகதியாக வந்த மொங் அல்லது பூட்டானிய நேபாளிக் குடும்பத்தையும் ஒன்றாக்கிவிடும். சராசரி உயரமாகத் தெரியும். உள்ளே இருக்கும் பள்ளம் தெரியாது. கேட்காமலேயே ஹானர்ஸில் போடப்பட்டுத் திணறும் இந்தியப் பிள்ளைகளும் இதே முத்திரையின் மறுபக்கம்தான்.

எங்கள் பள்ளியின் நிலையை எப்படிக் கணக்கிடுவது?

மத்திய கல்வித் துறையின் குடிமை உரிமைத் தரவுத் தளத்தில் பள்ளியின் பெயர் போட்டால் இனவாரி எண்கள் கிடைக்கும். தரவு சில ஆண்டு பழையதாக இருக்கும். புதியதை மாவட்டத்திடம் எழுதிக் கேட்கலாம்.

1,200 பேர் உள்ள பள்ளியில் 300 பேர் கறுப்பினத்தவர் என்று கொள்வோம். ஏ.பி. எடுப்பவர் 400 பேர், அதில் கறுப்பினத்தவர் 40. கறுப்பினத்தவரில் 13.3 சதவீதம் ஏ.பி. எடுக்கிறார்கள், மற்ற 900 பேரில் 360, அதாவது 40 சதவீதம். மூன்று மடங்கு இடைவெளி.

இதில் வழுக்கும் இடங்கள்: தலைகளை எண்ண வேண்டும், இருக்கைகளை அல்ல. ஐந்து ஏ.பி. எடுக்கும் ஒரே பிள்ளை இருக்கைக் கணக்கில் ஐந்து பேராகிவிடும். எல்லா ஏ.பி.யையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் ஏமாறாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் கூட்டமாக எடுக்கும் ஹ்யூமன் ஜியாகிரஃபி கூடியிருக்கும், கால்குலஸ் அப்படியே இருக்கும். ஒரு பிரிவில் மொத்தமே எட்டு மாணவர் என்றால் சதவீதம் ஆண்டுக்காண்டு துள்ளும். மூன்று ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள். முக்கியமான எண் இன்னொன்று: மதிப்பெண் தகுதி இருந்தும் வகுப்பில் இல்லாதவர் எத்தனை பேர், இனவாரியாக. பி.எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி.யின் முன்னோட்டத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து இந்தப் பட்டியலை எடுக்க காலேஜ் போர்டு பள்ளிகளுக்கு ஒரு கருவியே கொடுத்திருக்கிறது. "எங்களிடம் இல்லை" என்று பள்ளி சொன்னால் எடுத்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

பிள்ளைக்கு ஹானர்ஸ் மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பாடத் தேர்வு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நடக்கும். மறுப்பு வந்த வாரமே கவுன்சிலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேசியதைவிட எழுதியது நிற்கும். எந்த விதிப்படி, எந்த மதிப்பெண்ணால் மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். பிள்ளையின் பதிவேடுகளைக் கேட்டால் மத்தியச் சட்டப்படி 45 நாளுக்குள் காட்ட வேண்டும். வெய்வர் அல்லது மேல்முறையீட்டுப் படிவம் இருக்கிறதா என்று அந்தப் பெயர்களைச் சொல்லியே கேளுங்கள். பிறகு துறைத் தலைவர், பிரின்சிபல், மாவட்ட அலுவலகம் என்று வரிசையாகப் போகலாம். ஆகஸ்டில் போய் நின்றால் விதி சாதகமாக இருந்தும் அட்டவணையில் இடம் இருக்காது.

ஐ.இ.பி. அல்லது 504 திட்டம் (மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான உதவித் திட்டங்கள்) உள்ள பிள்ளையிடம் "ஹானர்ஸ் வேண்டுமென்றால் கூடுதல் நேரச் சலுகையை விட்டுவிடு" என்று சொல்ல முடியாது. மத்திய கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் 2007 டிசம்பரிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. ஆங்கிலம் கற்கும் மாணவர் என்பதற்காக மட்டும் உயர்வகுப்பை மூடுவதும் கூடாது.

இனப்பாகுபாடு என்றே தெரிந்தால்?

1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு இதற்குத்தான். 1967இல் வாஷிங்டன் நகரப் பள்ளிகளின் பிரிவினை முறையையே நீதிபதி ஸ்கெல்லி ரைட் செல்லாதென்றார். 2013இல் இல்லினாயின் யூ-46 மாவட்டம், திறமையுள்ள ஹிஸ்பானிக் பிள்ளைகளைத் தனிச் சிறப்பு வகுப்பில் பிரித்து வைத்தது பாகுபாடு என்று மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் நியூ ஜெர்சியின் சவுத் ஆரஞ்சு-மேப்பிள்வுட் மாவட்டம், உயர்வகுப்புகளில் கறுப்பின மாணவர் வாய்ப்பைச் சரிசெய்வதாக மத்திய குடிமை உரிமை அலுவலகத்தோடு உடன்பாடு செய்தது.

அந்த அலுவலகத்திடம் புகாரை நிகழ்வு நடந்த 180 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் 2025 மார்ச்சில் அந்த அலுவலகத்தின் 12 மண்டலக் கிளைகளில் 7ஐ மூடுவதாக அறிவித்தார்கள். ஆகவே புகாரை அங்கே பதிவு செய்துவிட்டு, மாநிலக் கல்வித் துறையிலும் பள்ளி வாரியத்திலும் சேர்த்தே தட்டுங்கள்.

கனடாவில் இருக்கிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

வடிவம் வேறு. ஒன்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பிலேயே 'அகாடமிக்', 'அப்ளைட்' என்று பிரித்து வந்தார்கள். பல்கலைக்கழகப் பாதை முதலாவதில்தான். டொரன்டோ பற்றிய 2017 யார்க் பல்கலைக்கழக அறிக்கையின்படி கறுப்பின மாணவரில் 53 சதவீதமே அகாடமிக்கில். வெள்ளையரில் 81, மற்ற வெள்ளையரல்லாதோரில் 80. தமிழர் இந்தக் கடைசி எண்ணுக்குள் அடக்கம். ஸ்கார்பரோவின் எந்தத் தெருவில் எத்தனை என்று அது சொல்லாது. மாகாணம் 2021இல் கணக்கிலும் 2022இல் மற்ற பாடங்களிலும் ஒன்பதாம் வகுப்புப் பிரிவினையை எடுத்துவிட்டது. பத்தாம் வகுப்பில் அது இன்னும் இருக்கிறது. ஆகவே பெற்றோர் கவனமாகப் படித்துக் கையெழுத்திட வேண்டிய படிவம் முன்போல் எட்டாம் வகுப்பில் அல்ல, ஒன்பதாம் வகுப்பின் குளிர்காலத்தில் வீட்டுக்கு வருகிறது.